ஆண்டு சீசன் டிக்கெட்டில் தள்ளுபடி எவ்வளவு? ராமேஸ்வரம் – மதுரை தடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம், பரமக்குடி என்று இந்தத் தடத்தில் தினமும் வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிறவர்களுக்காக எழுதியது. இரண்டாம் வகுப்பு சீசனைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். முதல் வகுப்பு சீசனை இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லை.

ஆண்டு சீசன் எடுத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

ரயில்வே கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். காலாண்டு சீசன் விலை மாத சீசனைப் போல் 2.7 மடங்கு. அரையாண்டு 5.4 மடங்கு. ஆண்டு 10.8 மடங்கு. பன்னிரண்டு மாதத்துக்கு 10.8 மாதப் பணம் கட்டுகிறீர்கள். அதாவது 10 சதவீதம் தள்ளுபடி.

உங்கள் தூரத்துக்கு மாத சீசன் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் எடுத்தால் ஆண்டுக்கு 3,600. ஆண்டு சீசன் 3,240. மிச்சம் 360 ரூபாய்.

இதே கணக்கைக் காலாண்டுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காலாண்டு 810, நான்கு காலாண்டு 3,240. ஆண்டு சீசனும் அதே 3,240தான். பத்து சதவீதத் தள்ளுபடி மூன்று மாதச் சீட்டிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ பணத்தை முன்கூட்டிக் கட்டினாலும் கூடுதலாக ஒரு பைசா குறையாது. (5 ரூபாய்க்கு முழுமையாக்கும்போது சில ரூபாய் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.) "வருஷ சீசன் ரொம்ப மலிவு" என்று பிளாட்பாரத்தில் யாராவது சொன்னால், அவர் மாதச் சீட்டோடு ஒப்பிட்டுச் சொல்கிறார். காலாண்டோடு ஒப்பிட்டிருக்க மாட்டார்.

அப்படியானால் ஆண்டு சீசன் எடுப்பதில் பயனே இல்லையா?

இரண்டு பயன் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை கவுண்டருக்குப் போனால் போதும். நடுவில் கட்டணம் உயர்ந்தாலும், உயர்வுக்கு முன் வாங்கிய சீட்டு அதன் கடைசி நாள் வரை பழைய விலையிலேயே செல்லும்.

இரண்டாவது காரணத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2014 ஜூன் 20ஆம் தேதி கட்டண உயர்வு அறிவித்தபோது, மாத சீசனை 15 ஒற்றைப் பயணக் கணக்கிலிருந்து 30 பயணக் கணக்குக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். விலை ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும். எதிர்ப்பு கிளம்பியதும் நான்கே நாளில் அதைக் கைவிட்டு 15 பயணக் கணக்குக்கே திரும்பினார்கள். அதற்குப் பிறகு வந்த 2020 ஜனவரி 1, 2025 ஜூலை 1, 2025 டிசம்பர் 26 ஆகிய மூன்று உயர்வுகளிலும் சீசன் விலையைத் தொடவில்லை. இனிமேல் ஏறாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாதுதான். ஆனாலும் இந்தப் பயத்துக்காக மட்டும் ஒரு வருஷப் பணத்தை முன்னால் கட்டத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

வருஷம் முழுக்க விடுப்பே இல்லாமல் ஓடுகிறவர், இடமாற்றம் வராத வேலையில் இருப்பவர், கவுண்டர் வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்: இவர்களுக்கு ஆண்டு சீசன் சரி. ஆசிரியர், கல்லூரி ஊழியர், மீன்பிடித் தொழிலை ஒட்டிய வேலைக்காரர்களுக்குச் சரிவராது. ஏன் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

எனக்கு ஏப்ரல், மே, ஜூனில் வேலை குறைவு. என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் பிளான்ட், மீன் கம்பெனி, வலை வேலை எல்லாம் அடங்கிவிடும். பள்ளிக்கூடத்துக்கும் ஏறத்தாழ அதே சமயம் கோடை விடுமுறை. ஆண்டு சீசன் எடுத்தவருக்கு இந்த இரண்டு மாதமும் சீட்டு சட்டைப் பையில் சும்மா கிடக்கும்.

பத்து மாதம் மட்டும் போகிறவர் மூன்று காலாண்டும் ஒரு மாதமும் எடுத்தால் 2.7 × 3 + 1 = 9.1 மாதப் பணம். மாதம் 300 என்ற அதே கணக்கில் 2,730 ரூபாய். ஆண்டு சீசனைவிட 510 ரூபாய் குறைவு. சீசனை இடைவெளி விடாமல் தொடர்ந்து புதுப்பித்தாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. தடை முடிந்து வேலை தொடங்கும் நாளிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு சரியாக விழ ஜூன் நடுவில் தொடங்குங்கள். ஜூன் 15இல் தொடங்கும் மூன்று காலாண்டு மார்ச் நடுவில் முடியும். அடுத்து ஒரு மாதச் சீட்டு எடுத்தால் ஏப்ரல் 14க்கு வந்து நிற்கும்.

எத்தனை நாள் போனால் சீசன் லாபம்?

மாத சீசன் ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணக் கட்டணம். போக, வர என்று எட்டு நாள் போனாலே போட்ட பணம் வந்துவிடும். காலாண்டுக்குச் சுமார் 20 நாள், ஆண்டு சீசனுக்குச் சுமார் 81 நாள்.

இது தோராயம். தூரத்துக்குத் தூரம் பட்டியலில் கொஞ்சம் மாறும். உங்கள் ஊருக்குத் துல்லியமாக வேண்டுமென்றால் கவுண்டரில் மாத சீசன் விலையைக் கேட்டு, ஒற்றை டிக்கெட் விலையால் வகுங்கள். அப்போது எந்த டிக்கெட் விலையை எடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளைச் சிறப்பு வண்டி என்று ஓட்டிக் குறைந்தபட்சம் 30 ரூபாய் வாங்கினார்கள். 2024 பிப்ரவரி இறுதியில் அது மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. பாசஞ்சரில் மட்டும் போகிறவர் பழைய 30 ரூபாயை நினைவில் வைத்துக் கணக்குப் போட்டால் சீசன் லாபம் மிகையாகத் தெரியும்.

ராமேஸ்வரம் – மதுரை சீசன் கேட்டால் இல்லை என்கிறார்களே?

சீசன் டிக்கெட்டின் பொது தூர வரம்பு 150 கி.மீ. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 161 கி.மீ. பத்துப் பதினோரு கிலோமீட்டரில் கை நழுவுகிறது. கவுண்டரில் இருப்பவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

இரண்டு வழி உண்டு. மண்டபம் – மதுரை வரம்புக்குள் வருகிறது. அதற்கு சீசன் எடுத்துக்கொண்டு, ராமேஸ்வரம் – மண்டபம் துண்டுக்கு அன்றன்று சாதாரண டிக்கெட் வாங்கலாம். அல்லது ராமேஸ்வரம் – திருப்புவனம் சீசன், திருப்புவனம் – மதுரைக்கு டிக்கெட். எதுவானாலும் இரண்டு சீட்டும் வண்டி ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும். நீங்கள் ஏறும் வண்டி அந்த இணைப்பு ஊரில் நிற்பதாகவும் இருக்க வேண்டும். திருப்புவனத்தில் நிற்காத எக்ஸ்பிரஸில் இரண்டாவது வழி செல்லாது. "மதுரையில் இறங்கிக் கட்டிக்கொள்கிறேன்" என்றால், சீசன் தாண்டிய தூரத்துக்கு டிக்கெட் இல்லாப் பயணி என்று எழுதுவார்கள். கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

ராமநாதபுரம் – மதுரை, பரமக்குடி – மதுரை, ராமேஸ்வரம் – ராமநாதபுரம் எதற்கும் இந்தச் சிக்கல் இல்லை.

லண்டனில் ஆண்டுச் சீட்டு வைத்திருந்தால் மற்றப் பயணத்துக்கும் தள்ளுபடி உண்டாமே. இங்கே?

வெளிநாட்டில் உறவு இருக்கும் வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி. பிரிட்டனில் ஆண்டு சீசன் வாங்கினால் அதுவே கோல்டு கார்டாகவும் பயன்படும். குறிப்பிட்ட வட்டாரத்துக்குள், நெரிசல் இல்லாத நேரத்துப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்திய ரயில்வேயில் அப்படி ஒன்று இல்லை. உங்கள் ஆண்டு சீசனைக் காட்டிச் சென்னைக்கு ரிசர்வேஷனிலோ, குடும்பத்தாரின் டிக்கெட்டிலோ ஒரு ரூபாய் குறைக்க முடியாது. சீட்டில் எழுதிய இரண்டு ஊருக்கு நடுவில், அதில் பெயர் உள்ள ஆள் மட்டும் போகலாம். இடையில் எந்த ஸ்டேஷனிலும் ஏறலாம், இறங்கலாம். அண்ணன் சீசனில் தம்பி போக முடியாது.

முதியோருக்கு சீசனில் சலுகை நிறுத்தப்பட்டுவிட்டதா?

முதியோர் சலுகை சீசனில் எப்போதும் இருந்ததில்லை. சாதாரண, ரிசர்வேஷன் டிக்கெட்டுகளில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் இருந்தது. 2020 மார்ச் 20 முதல் அதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் "சீசன் சலுகையை எடுத்துவிட்டார்கள்" என்ற பேச்சு. மாணவர், மாற்றுத்திறனாளி சலுகைகள் தொடர்கின்றன. சலுகைச் சான்று உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாத, காலாண்டு சீசனில் 50 சதவீதம் குறையும்.

மகள் ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கிறாள். ஆண்டு சீசன் எடுத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் இலவசம். ஆண் பிள்ளைகளுக்கு பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசம். இது தெரியாமல் முழு விலைக்கு வருஷச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கும் பெற்றோர் ஒவ்வொரு ஜூனிலும் வருகிறார்கள். அந்தப் பணம் திரும்பாது.

இலவசத்துக்குள் வராத மாணவர்களுக்கு (கல்லூரிப் பையன்கள், மேற்படிப்புப் பெண்கள்) மாத, காலாண்டு சீசனில் பாதி விலை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் என்றால் கால் பங்கு கட்டினால் போதும். வயது வரம்பு பொதுவாக 25, பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 27, ஆராய்ச்சி மாணவருக்கு 35. சலுகை மாதத்துக்கும் காலாண்டுக்கும்தான் என்பதால், மாணவருக்கு ஆண்டு சீசன் என்ற பேச்சே எழாது.

கல்லூரி அலுவலகத்தில் ரயில்வே சலுகைப் படிவம் கேட்டு வாங்குங்கள். பெயர், பிறந்த தேதி, வகுப்பு, புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன் எழுதி, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். கையெழுத்தின் மேல் முத்திரை விழுந்து பெயர் மறைந்தால் திருப்பி அனுப்புவார்கள். அடித்து எழுதிய தேதிக்குப் பக்கத்தில் முதல்வரின் சுருக்கொப்பம் வேண்டும். ஜூன் கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள், ஒரு வாரம் முந்திக்கொள்ளுங்கள்.

படிவத்தில் அதிகம் நடக்கும் தவறு எது?

ஸ்டேஷன் பெயர். மண்டபம் வேறு, மண்டபம் கேம்ப் வேறு; இரண்டும் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். வீடு கேம்ப் பக்கம் இருக்கும், படிவத்தில் வெறும் "மண்டபம்" என்று இருக்கும். ராமநாதபுரத்திலிருந்து வருகிறவருக்கு மண்டபம் வரை சீசன் இருந்தால் நடுவில் உள்ள கேம்பில் இறங்கிக்கொள்ளலாம், பாதகமில்லை. கேம்ப் வரை மட்டும் எடுத்துவிட்டு மண்டபம் போய் இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். எக்ஸ்பிரஸ் வண்டி கேம்பில் நிற்காமல் போகும் நாளில்தான் இந்தத் தவறு வெளியே தெரியும்.

இரண்டாவது, சீட்டில் அச்சாகும் குறியீடு. ஆர்.எம்.டி. என்றால் ராமநாதபுரம், ஆர்.எம்.எம். என்றால் ராமேஸ்வரம். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். மதுரையிலிருந்தோ பரமக்குடியிலிருந்தோ எடுக்கும்போது கவுண்டரை விட்டு நகரும் முன் அந்த மூன்று எழுத்தையும் படித்துப் பாருங்கள். நகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தால் மாற்றுவது பாடு. ஆண்டு சீசனில் இந்தத் தவறு நடந்தால் மாட்டுவது ஒரு வருஷப் பணம்.

எந்த வண்டியில் எல்லாம் ஏறலாம்?

பாசஞ்சர் வண்டிகளில் தடையில்லை. எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் மட்டும். சேது எக்ஸ்பிரஸ் சூப்பர்ஃபாஸ்ட். அதற்கு சூப்பர்ஃபாஸ்ட் கூடுதல் கட்டணம் தனி (இரண்டாம் வகுப்புக்கு ஒரு பயணத்துக்கு 15 ரூபாய்). அதைக் கட்டாத சீசனோடு ஏறக் கூடாது. எது சூப்பர்ஃபாஸ்ட் என்று வண்டி எண்ணே சொல்லிவிடும்: 12, 20, 22 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட். சேது 22661, 22662. போட் மெயில் 16751, 16752. அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது.

இரவு வண்டி காலையில் ராமநாதபுரம் வரும்போது ஸ்லீப்பர் பாதி காலியாக இருக்கும். உட்கார்ந்துகொள்ளலாம் என்று தோன்றும். பெட்டி காலியாக இருப்பது விதியை மாற்றாது. டி.டி.இ. (டிக்கெட் பரிசோதகர்) பார்த்தால் அங்கேயும் கட்டணமும் 250 ரூபாயும்தான்.

கைபேசியில் எடுப்பதா, கவுண்டரில் எடுப்பதா?

ரயில்வேயின் பழைய டிக்கெட் செயலியான யு.டி.எஸ்.ஸில் சீசன் எடுக்கும் வசதி 2025 டிசம்பரில் நின்றுவிட்டது. இப்போது ரயில்ஒன் செயலி. பதிவு செய்து, சீசன் பகுதியில் புறப்படும் ஊர், சேரும் ஊர், காலம், அடையாள அட்டை எண் கொடுத்துப் பணம் கட்டினால் சீட்டு கைபேசிக்குள் வந்துவிடும். மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். செயலியில் எடுக்கும் சீசன் மறுநாளிலிருந்துதான் செல்லும். காலை வண்டிக்கு அன்று காலையில் எடுத்துப் பயனில்லை. ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியைத் திறந்து காட்ட வேண்டும். எடுத்த சீசனை ரத்து செய்ய முடியாது.

2026 ஜனவரி 14 முதல் ஜூலை 14 வரை ரயில்ஒன்னில் டிஜிட்டலாகப் பணம் கட்டும் அன்ரிசர்வ்டு டிக்கெட்டுக்கு 3 சதவீதத் தள்ளுபடி அறிவித்தார்கள். இதையும் மேலே சொன்ன 10 சதவீதத்தையும் கூட்டி 13 என்று கணக்குப் போட வேண்டாம். சீசனுக்குப் பணம் கட்டும் கடைசித் திரையில் என்ன தொகை வருகிறதோ அதுவே விலை.

கவுண்டர் சீட்டுக்கு வேறு தொல்லை. கடற்கரைக் காற்றின் ஈரமும் சட்டைப் பை வியர்வையும் சேர்ந்து, நான்கைந்து மாதத்தில் மடிப்பு கிழியும், அச்சு மங்கும். தேதி தெரியாத சீட்டைக் காட்டி வாதாடுவது கஷ்டம். காலாண்டுச் சீட்டு இந்த விதத்திலும் மேல், கிழிவதற்குள் காலம் முடிந்துவிடும். ஆண்டுச் சீட்டுதான் வேண்டுமென்றால் முதல் நாளே அடையாள அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள். மடிக்க வேண்டாம்.

வண்டி ரத்தானால், பாலம் மூடினால் பணம் கிடைக்குமா?

பயன்படுத்தாத நாட்களுக்கு சீசனில் பணம் திரும்பாது. இந்தத் தடத்தில் ஆண்டு சீசனுக்கு எதிராக நாங்கள் சொல்லும் பெரிய காரணம் இதுதான். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பர் 23இல் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கும் வரை, இரண்டேகால் வருஷத்துக்கு மேல், வண்டிகள் மண்டபத்தோடு திரும்பின. அந்த டிசம்பரில் ராமேஸ்வரம் வரை காலாண்டு வைத்திருந்தவருக்கு அதிகபட்ச நஷ்டம் மூன்று மாதம். ஆண்டு வைத்திருந்தவருக்குக் கணக்கு வேறு.

புதுப் பாலம் வந்த பிறகு அவ்வளவு நீண்ட அடைப்புக்குக் காரணமில்லை. ஆனாலும் காற்று வேகம் அளவு மீறினால் பாலத்தில் சிக்னல் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் வண்டி மண்டபத்திலேயே நின்றுவிடும். தண்டவாள வேலைக்காகப் பகல் பாசஞ்சரைப் பாதி வழியில் நிறுத்துவதும் உண்டு. அன்று பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு உங்கள் கைக்காசு.

மீன் கூடையோடு சீசனில் போகலாமா?

சீசன் ஆளுக்கு, கூடைக்கு அல்ல. ஈரம் சொட்டும் கூடையையும் கருவாட்டு மூட்டையையும் பயணிகள் பெட்டியில் ஏற்றினால் இறக்கிவிட அதிகாரம் உண்டு. வண்டிக்கு முன்பே பார்சல் அலுவலகத்தில் எடை போட்டு புக் செய்யுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் வேலைக்குப் போகும் பெண். சீசன் வேண்டுமா?

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. உங்கள் நேரத்துக்கு அந்த பஸ் இருந்தால் சீசன் தேவையில்லை. ரயில் நேரம்தான் ஒத்துவருகிறது, பஸ் காத்திருக்க முடியாது என்றால் மாத சீசனில் தொடங்குங்கள். ஒரு மாதம் போய்ப் பார்த்து, எட்டு நாளுக்கு மேல் ரயிலில் ஏறியிருந்தால் காலாண்டுக்கு மாறுங்கள்.

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிக்காரர்களுக்கு?

அங்கே தண்டவாளம் இல்லை. ராமநாதபுரம் வரை பஸ், அங்கிருந்து மதுரைக்கு சீசன். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரே பாஸ் கிடையாது. பஸ் பத்து நிமிடம் தாமதமானால் காலை வண்டி போய்விடும். அடிக்கடி வண்டியைத் தவறவிடுகிறவர் காலாண்டு எடுக்கும் முன் ஒரு மாதம் நாட்காட்டியில் குறித்து வாருங்கள்: ரயிலில் போன நாள் எத்தனை, பஸ்ஸிலேயே மதுரை போன நாள் எத்தனை என்று.